முதல் ஷிப்டு பஸ்ஸில் நான் எங்கே போனேன்

தம்பி,

பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரமும் முந்திரியும் புயலில் வேரோடு சாய்ந்த வருஷம் நீ டாக்டருக்குப் படிக்கப் போனாய். ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புகிற நம்ம டவுன்ஷிப்பைச் சுற்றி ஊர் ஊராக விளக்கில்லாமல் கிடந்த வருஷம் அது. நீ லீவுக்கு வந்தபோது ரோட்டில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டித்தான் வீடு வந்து சேர்ந்தாய், பேண்டெல்லாம் பலாப்பால். அதற்கு முந்தின வருஷம் எனக்கு ரிடையர்மென்ட். நீ பிறந்தது, சுரங்கத்துக்காக எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைப் பிரித்து வேறு இடத்தில் கொண்டுபோய்க் கட்டிய வருஷம். உன் அம்மா போனது, பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு இனிமேல் செல்லாது என்று டிவியில் சொன்ன வருஷம். பாடைக்கு மூங்கில் கொடுத்தவரிடம் செல்லாத நோட்டை நீட்டிக்கொண்டு நின்றோமே, மறந்திருக்க மாட்டாய். எனக்கு வருஷத்தின் நம்பர் தெரியாது. எது நடந்ததோ அதுதான் எனக்கு வருஷம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்க்க நீ என்னைக் கூட்டிப்போன இடத்தில் அந்த டாக்டரம்மா, "இது என்ன வருஷம் பெரியவரே" என்று கேட்டார்கள். நான் சும்மா இருந்தேன். பேப்பரும் பென்சிலும் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். கைநாட்டு வைக்கிறவன் கையில் பென்சில் எந்தப் பக்கம் நிற்கும்? மூணு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். அதற்கும் சும்மா இருந்தேன். நீ சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தம்பி, அந்த மூணு வார்த்தை வாழைப்பழம், நாற்காலி, ரயில். அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். சொல்லியிருப்பேன். சொன்னால் எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று ஆகும். புத்தி சரியாக இருக்கிறவனிடம் அடுத்த கேள்வி என்ன கேட்பார்கள்? அப்படியென்றால் அன்றைக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எங்கே கிளம்பினாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் நான் பைத்தியக்காரனாக இருந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவது நம் வீட்டில் சமைக்கிற செல்வி. நான் சொல்லச் சொல்ல அடுப்படி மேடையில் வைத்து எழுதுகிறாள். குழம்பு கொதிக்கும்போது நிறுத்துகிறாள், இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் எழுதுகிறாள். "பெரியப்பா, டாக்டர் சார் என் கையெழுத்தைப் பாத்தாலே கண்டுபிடிச்சுடுவாருங்க, என் வேலை போயிடும்" என்கிறாள். அவளைத் திட்டாதே. சொல்வதெல்லாம் நான்.

கொஞ்சம் பொறுமையாகப் படி. உனக்குப் பேஷண்டு காத்திருப்பார்கள், தெரியும். நானும் காத்திருக்கிறேன். வாசல் கிரில்லில் நீ பூட்டுப் போட்ட நாள் முதல் எனக்கு வேறு வேலை கிடையாது. சாவி உன் பெண்சாதி ரேவதி ஸ்கூலுக்கு எடுத்துப்போகிற பையில் இருக்கிறது. செல்வி வந்தால் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா இன்னொரு சாவி கொண்டுவந்து திறந்துவிட்டு, உடனே பூட்டிவிட்டுப் போகிறார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஷிப்டு பஸ் போகிறது, வருகிறது. கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறாய். அதில் இருப்பது என் பெயரா உன் பெயரா என்றுகூட எனக்குத் தெரியாது. செல்விதான், "உங்க பேரும் சார் நம்பரும் இருக்குங்க" என்றாள். உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பன் காணாமல் போய்விடுவானோ என்று பயந்து செய்தாய். ஆனால் இதற்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும். பருப்பில் உப்பு இல்லை என்று நான் சொன்னால் நீயும் ரேவதியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறீர்கள். உப்பு இல்லாததால்தான் சொன்னேன். ரேவதி தங்கமான பெண், ஆனால் என்னிடம் இப்போது சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் என் எதிரிலேயே, "இன்னிக்கு பரவால்ல, நல்லா இருக்காரு" என்கிறாள். நான் உண்மை பேசினாலும் நோய்க் கணக்கில் சேருகிறது, சும்மா இருந்தாலும் அதே கணக்கில் சேருகிறது.

எல்லாம் உன் பேச்சில் ஆரம்பித்தது. டாக்டர்களைக் கௌரவிக்கிற விழாவில் மேடை ஏறி நீ பேசினாயே, அது போனில் வந்திருக்கிறது என்று செல்விதான் போட்டுக் காட்டினாள். வேலையைப் பற்றி, சிநேகிதத்தைப் பற்றி, பாட்டைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி நீ பேசப்பேச எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்பா கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கரி வாரிப்போட்டுத்தான் என்னைப் படிக்கவைத்தார் என்று சொன்னாய். அந்தக் கூட்டம் கைதட்டியது. அதில் கொஞ்சம் நீ கூட்டித்தான் சொன்னாய், நான் பெல்ட்டுக்கு அடியில் இருந்தது கொஞ்ச காலம்தான், பிறகு பெல்ட்டு ஓடுகிறதா என்று பார்க்கிற வேலை. இருக்கட்டும், அப்பனைப் பற்றிப் பிள்ளை கூட்டிச் சொன்னால் தப்பில்லை.

பிறகு எங்கள் பஜனைக் கோஷ்டியைப் பற்றிச் சொன்னாய். ஒரே பிளாக்கில், ஒரே ஷிப்டில் இருந்த நாலு பேர். ஆர்மோனியம் தூத்துக்குடி மரியதாஸ். வேதக்காரன், ஆனால் மார்கழியில் முருகன் பாட்டுக்கு அவன் ஆர்மோனியம் இல்லாமல் முடியாது. பாடுவது சேலத்து ராஜமாணிக்கம். டோலக் ஒருத்தன். ஜால்ரா நான். எங்கள் ஜோலி பஜனை மட்டும் இல்லை. ஒருத்தனுக்கு ரிடையர்மென்ட் என்றால் கடைசி ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவனை மாலை போட்டு, பாடிக்கொண்டே வீடுவரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த ஊரில் அதுதான் மரியாதை. எத்தனையோ பேரை அப்படிக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

அந்த டோலக்காரன் என் ஊர்க்காரன். ஊரில் அவன் வீட்டுக்கு நிலம் இருந்தது, நாங்கள் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர்கள் தெரு வழியாக நான் செருப்புப் போட்டு நடந்ததில்லை. சுரங்கம் வந்து அவன் நிலத்தையும் எடுத்தது, என் குடிசையையும் எடுத்தது, ரெண்டு பேருக்கும் வேலை கொடுத்தது, குவார்ட்டர்ஸ் கொடுத்தபோது ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் கொடுத்தது. முதல் நாள் அவன் அப்பா வந்து பார்த்துவிட்டு வேறு வீடு மாற்றிக்கொள்ளச் சொன்னாராம். "சுவரு நல்லா கெட்டியா இருக்குது, வுடு" என்றானாம் இவன். பிறகு அந்தச் சுவரைத் தட்டித்தான் எங்களுக்குள் பேச்சு. டீ போட்டால் ஒரு தட்டு. ஷிப்டுக்குக் கிளம்பினால் ரெண்டு தட்டு. நீ இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் படிக்கும்போது அவன் அந்தப் பக்கமிருந்து ஒரு தாளம் தட்டுவான், நீ பேனாவை வைத்துவிட்டு அதே தாளத்தைத் திருப்பித் தட்டுவாய். அப்படித்தான் உனக்கு டோலக் வந்தது. மாமா மாமா என்று நீ அவன் வீட்டிலேயே கிடப்பாய். அவன் பெண்சாதி சரோஜா உனக்கு அத்தை. நான் ரிடையர் ஆன அன்றைக்கு அவன் டோலக்கைக் கழற்றி உன் கழுத்தில் மாட்டிவிட்டுக் கைவீசி ஆடிக்கொண்டே வந்தான். "உன் அப்பனை உன் கையால வூடு சேத்துடு" என்றான்.

மேடையில் இதையெல்லாம் நீ சொன்னாய், பெயர் மட்டும் சொல்லவில்லை. மூச்சு நின்றவன் நெஞ்சை அழுத்தி உயிரைத் திருப்பும்போது எத்தனை வேகத்தில் அழுத்த வேண்டும் என்று படிப்பில் ஒரு கணக்கு இருக்கிறதாம். உனக்கு அந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை, சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்ட டோலக்கின் தாளம்தான் கையில் வருகிறது என்று சொன்னாய். அதற்குப் பிறகு நீ ஒன்று சொன்னாய்: "என் அப்பாவைத் தவிர அந்தக் கோஷ்டியில் இன்று யாரும் உயிரோடு இல்லை."

செல்வி குடியிருப்பது நிலம் கொடுத்தவர்களுக்கு மனை ஒதுக்கிய அந்தப் புது நகரில், சுரங்கத்து மண்மேட்டுக்குப் பக்கத்தில். அங்கேதான் அந்த டோலக்காரனும், குவார்ட்டர்ஸை விட்ட பிறகு, மகள் வீட்டில் கிடக்கிறான். சர்க்கரை ஒரு காலை எடுத்துவிட்டது, இப்போது கண்ணையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. செல்விக்கு ஒன்றும் தெரியாது, நல்லது என்று நினைத்து உன் பேச்சை அவனுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். யாரும் உயிரோடு இல்லை என்ற இடம் வந்ததும் சிரித்தானாம். "டாக்டரே சொல்லிட்டாரா? அப்ப சரியாத்தான் இருக்கும். அப்படியே சர்டிபிகேட்டு வாங்கிக்கினு வா செல்வி" என்றானாம். மகள் திட்டியிருக்கிறாள். பிறகு அந்தத் தாளம் வருகிற இடத்தைத் திரும்பப் போடச் சொன்னானாம். மறுபடியும் போடச் சொன்னானாம். அப்புறம் ஒன்று கேட்டானாம். அதைச் செல்வி வந்து என்னிடம் அப்படியே சொன்னாள்.

"எங்க சரோசாவுக்கும் அந்தத் தாளந்தான் போட்டானா? அவன் அப்பனை வரச்சொல்லு. அவன் வரமாட்டான். அப்பனாவது கேட்டுக்கினு வந்து சொல்லட்டும்."

ஊரெல்லாம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடந்தபோது, அந்த நோய் ரெண்டாவது தடவை வந்த கோடையில், நீ கடலூர்ப் பக்கம் வேலையில் இருந்தாய். சரோஜாவுக்கு மூச்சுத் திணறியதும் அவன் வேறு எங்கும் போகவில்லை. என் மாப்பிள்ளை இருக்கிறான் என்று வண்டி பிடித்து உன்னிடம் கொண்டுவந்தான். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. யாரையும் உள்ளே விடவில்லை. அவள் போய்விட்டாள் என்று நீ வெளியே வந்து சொன்னபோது அவன் எல்லார் எதிரிலும், "உன்னை டாக்டர்னு நம்பித்தானேடா கொண்டாந்தேன்" என்றான். நான் அங்கே நின்றேன். முகத்தில் போட்டிருந்த கண்ணாடிக்குள் உன் கண் தெரியவில்லை. அவளைத் துணியில் சுற்றி நேரே கொண்டுபோனார்கள். எத்தனையோ பேரைப் பாடி வீடு சேர்த்தவனின் பெண்சாதிக்கு ஒரு ஜால்ராச் சத்தம்கூட இல்லை. நீயும் வரவில்லை. உனக்கு அன்றைக்கு லீவு கிடைத்திருக்காது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

கொஞ்ச நாளிலேயே அவனுக்குத் தான் சொன்னது உறைத்துவிட்டது. என்னிடம் வந்து, பிள்ளையிடம் சொல்லு, வாயில் வந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். நானும் உன்னிடம் ஆரம்பித்தேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாய். "அப்பா, இந்த வீட்ல அந்தப் பேர் வேணாம்ப்பா" என்றாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். நீயோ கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவினாய். அதோடு நான் விட்டுவிட்டேன். டோலக்கை நீ துணி சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாய். நான் அவன் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

வேலையைப் பற்றிப் பேசும்போது, செத்துப்போன பேஷண்டை டாக்டர் வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது என்று மேடையில் சொன்னாயே. கேட்டுக்கொண்டிருந்த சின்ன டாக்டர்களுக்கு அது நல்ல யோசனை. உன்னால் முடிந்ததா? சரோஜா அத்தை இங்கேதான் இருக்கிறாள். நீ சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அதனால்தான் பாதி சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாய். அவன் செத்துவிட்டான் என்று நீ எதற்குச் சொன்னாய் என்பதையும் நான் யோசித்துப் பார்த்தேன். தெரியாமல் சொன்னாயோ, அப்படியே இருந்துவிடட்டும் என்று சொன்னாயோ. எப்படியானாலும் உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் நீ இட்லி சாப்பிடும்போது, "செல்வி குடியிருக்கற பக்கம்..." என்று ஆரம்பித்தேன். போன் வந்தது, நீ எழுந்து போனாய்.

அதனால் நானே கிளம்பினேன். டவுன் பஸ்ஸுக்கு பஸ் ஸ்டாண்டு வரை நடக்க என் முட்டி விடாது. ஆட்டோக்காரன் உனக்குத் தெரிந்தவன், உடனே போன் போட்டுவிடுவான். ஆனால் ஷிப்டு பஸ் நம் தெரு முனையில் நிற்கும், மண்மேட்டை ஒட்டிப்போகும், அந்த நகருக்குத் திரும்புகிற இடத்தில் நின்று ஆளை இறக்கும். காக்கிச் சட்டையும் ஹெல்மெட்டும் இல்லாதவனை ஏற்ற மாட்டார்கள். என் பழைய காக்கியையும் ஹெல்மெட்டையும் எடுத்துப் போட்டேன், பேண்டு நிற்கவில்லை, கயிறு கட்டிக்கொண்டேன். ஏறினதும் ஒருத்தன், "என்னா பெருசு, உனக்கு இன்னும் ரிடையர்மென்ட் ஆர்டர் வரலையா" என்றான். இன்னொருத்தன், "வுடு மாமா, ஓவர்டைம் பாக்கறாரு" என்றான். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன், எழுந்து சீட்டும் கொடுத்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு மனுஷர்களோடு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது தம்பி. ஆனால் திருப்பத்தில் பஸ் நிற்கவில்லை. நின்றது என் காலத்தில். இப்போது நேரே கேட்டில் போய்த்தான் நிற்கிறது. அங்கே எல்லாரும் மிஷினில் விரல் வைத்து உள்ளே போனார்கள். நான் என் பழைய அட்டையை நீட்டினேன். செக்யூரிட்டிப் பையன் நல்ல பையன், நாற்காலி போட்டு, "ஐயா, வூடு எங்கங்க?" என்று கேட்டான். உன் பெயரைச் சொன்னேன்.

நீ காரில் வந்தாய். எல்லார் எதிரிலும் குனிந்து, "எங்க கிளம்பினீங்கப்பா?" என்று கேட்டாய். அவன் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. கார்ச் சாவியைப் பிடித்திருந்த உன் கையைப் பார்த்தேன். அன்றைக்குக் கழுவிக் கழுவித் தீராத அதே கை.

"ஷிப்டுக்கு" என்றேன்.

அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ என் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி உன் மடியில் வைத்துக்கொண்டு கார் ஓட்டினாய். அன்றைக்குச் சாயங்காலம் பூட்டு வந்தது. நான் மறந்துபோய்ச் சொன்னதில்லை அது. தெரிந்து சொன்ன பொய். ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும், அந்த வார்த்தையைச் சொன்னால் உனக்கு என்ன ஆகுமோ என்று இத்தனை நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் முடியாது. நேற்று செல்வி சொன்னாள், அவனுக்கு இன்னொரு காலிலும் புண் வைத்துவிட்டதாம், வருகிறவர்களிடம் எல்லாம் அதே கேள்வியைக் கேட்கிறானாம்.

நெஞ்சை அழுத்தினாயா இல்லையா, அவளுக்கும் அந்தத் தாளம்தானா என்று நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. எனக்குப் பதில் வேண்டாம், நான் கொண்டுபோய்ச் சேர்க்கவும் மாட்டேன். அதை உன் வாயால்தான் அவன் கேட்க வேண்டும். ஆமாம் என்றாலும் சரி, இல்லை, அன்றைக்கு அதற்குக்கூட நேரம் இல்லை மாமா என்றாலும் சரி. அவன் கத்தினால் கத்தட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு டியூட்டி இல்லை என்று ரேவதி சொன்னாள். பூட்டைத் திற. என்னைக் காரில் முன்சீட்டில் உட்காரவை. டோலக்கை எடுத்துவருவதும் வராததும் உன் இஷ்டம். அதற்குப் பிறகு வந்து நீ மறுபடியும் பூட்டினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

செல்வி கேட்கிறாள், கடைசியில் என்ன எழுதட்டும் என்று. மேடையில் நீ சொன்ன கணக்கைத் திருத்தி எழுதச் சொன்னேன். மரியதாஸ் தூத்துக்குடிக்கே திரும்பிப் போய், அதே வருஷத்துக் கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே அடங்கிவிட்டான். ராஜமாணிக்கம் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற வழியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் அம்மா இல்லை. சரோஜா இல்லை. பூட்டுக்கு உள்ளே இருக்கிறவனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மிச்சம் ஒரே ஒரு ஆள் உயிரோடு இருக்கிறான். கலியமூர்த்தி.